சிவப்பு ஏறாத தாள்

ஷுஐபா. கடல்நீரைக் காய்ச்சும் ஆலை, மூன்றாம் அலகு.
வெளியே தூசிக்காற்று
கடலையும் புகைபோக்கியையும் ஒரே நிறமாக்கியிருந்தது.
உள்ளே நானும் ஒரு கறுப்புத் திரையும்.
இருபத்தைந்து வரி, வரிக்கு எண்பது எழுத்து.
இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி அடியில் முளைக்கும்,
உச்சியில் ஒரு வரி செத்துப்போகும்.
போன வரியை அந்த இயந்திரம் திருப்பித் தராது.

அதிகாலை இரண்டு நாற்பத்தேழு.
கடைசி வரி சிவப்பாகப் பிறந்தது:
நீராவிக் குழாய் ஒன்பது, அழுத்தம் மிகை.
ஷெரீஃபை எழுப்பினேன்.
“காலையில் பார்ப்போம்” என்று
தூக்கத்துக்குள்ளிருந்தே சொன்னார்.

தில்குமார் ராயை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்தபோது
மணி மூன்று இருபத்தொன்பது.
சிவப்பு வரி நாலாவது இடத்துக்கு ஏறியிருந்தது.

படம் எடுக்கலாம் என்றால்
கேட்டில் வாங்கிவைத்த கைப்பேசி
லாக்கரில் கிடக்கிறது.
பதிவுக்கோப்பைத் தேடலாம் என்றால்
வட்டு நிரம்பி பதினோரு நாள்.
புகார் கொடுத்திருக்கிறேன்,
புகாரும் நிரம்பிக்கொண்டிருக்கிறது.
மிச்சமிருப்பது
கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இந்த வெளிச்சம்தான்.

விசைப்பலகையைத் தொடப் பயமாக இருந்தது.
அச்சிடு என்று தட்டினால்
அந்தச் சொல்லே ஒரு வரியாகி
மேலே உள்ளதைத் தள்ளிவிடும்.

ஆல்ட், எஃப் இரண்டு.
வேறொரு கறுப்பு அறை திறந்தது.
யாரும் புழங்காதது, பெயர் கேட்டது, சொன்னேன்.
அங்கே உட்கார்ந்து பக்கத்து அறையை எட்டிப்பார்த்தேன்:
சாய்கோடு, டெவ், சாய்கோடு, விசிஎஸ், ஒன்று.
இந்த இயந்திரத்துக்கு எல்லாமே கோப்பு.
திரை ஒரு கோப்பு. விசைப்பலகை ஒரு கோப்பு.
ஒன்றுமில்லாததற்கும் ஒரு கோப்பு உண்டு,
எதைப் போட்டாலும் விழுங்கிவிட்டு
சரி என்று சொல்லும்.
(எங்கள் அலுவலகத்தில் அதற்கு
நாற்காலி போட்டிருக்கிறார்கள்.)

முதல் தாள்:
இரண்டாயிரம் எழுத்தும் ஒரே வரி.
அச்சு ஊசிகள் வலது ஓரத்தில் முட்டி முட்டி
ஓட்டை போட்டன.

எண்பதுக்கு ஒருமுறை மடி என்றேன்.
இரண்டாம் தாளில்
ஒரு வரி முடிந்த இடத்திலேயே அடுத்த வரி தொடங்கி
படி இறங்குவதுபோல இறங்கி
தாளைவிட்டு வெளியே நடந்துபோனது.

இறங்கு, ஆனால் இடப்பக்கம் திரும்பி வந்து இறங்கு.
இதைச் சொல்லவும்
தனி எழுத்து ஒன்று வேண்டியிருந்தது.
மூன்று முப்பத்தைந்து.
சிவப்பு இப்போது முதல் வரி.
கிர்ர் கிர்ர் என்று
கூரையில் தொங்கியதைக் கடைசி நேரத்தில்
இறக்கிக் கொடுத்தது அச்சுப்பொறி.

தாளைக் கிழித்துப் பார்த்தேன்.
இருபத்தைந்தும் கறுப்பு.
அந்தக் கோப்பு எழுத்தை மட்டும்தான் கொடுக்குமாம்.
நிறம் வேறொரு கோப்பில்
எழுத்துக்கு ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது என்பது
எனக்கு மறுநாள்தான் தெரியும்.

“இதில் எச்சரிக்கை எது?”
விசாரணை மேசையில் கேட்டார் ஷெரீஃப்.
என் சட்டைப்பையில் சிவப்பு மை பேனா இருந்தது.
எடுக்கவில்லை.
நான் கோடு போட்டால்
அது என் சிவப்பாகிவிடும்.
வாயால் சொன்னேன். குறித்துக்கொண்டார்களா தெரியாது.

வெள்ளிக்கிழமை நகலை எடுத்துக்கொண்டு
தீக்காய வார்டுக்குப் போனேன்.
தில்குமாருக்கு முழங்கைவரை கட்டு,
தாளைப் பிடிக்க முடியாது.
முகத்துக்கு நேராக நான் பிடித்தேன்.
இந்தியில் கேட்டான்:
“இதில் என் கை எந்த வரி?”

குழாய் வெடித்தது இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு.
ஏழாவது வரி.
விரலை வைத்துவிட்டேன்,
பிறகுதான் படித்தேன்:

குழாய் ஒன்பது. அழுத்தம் இயல்பு.